விரல் நீளக் குட்டி.. 8 அடி ராட்சதன்! அலிகேட்டர் கார் மீனை வீட்டில் வளர்க்கலாமா?

முதலை போல நீண்ட வாய், கூர்மையான பற்கள். அலங்கார மீன் கடையில் விரல் நீளத்தில் நீந்தும் அலிகேட்டர் கார் குஞ்சைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். ஆனால் அது எவ்வளவு வளரும் தெரியுமா?

எவ்வளவு பெரிதாகும்?

இதன் பூர்வீகம் வட அமெரிக்கா. 2011-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாகாணத்தில் சிக்கிய ஒரு மீனின் எடை சுமார் 148 கிலோ. நீளம் 8 அடிக்கு மேல்! 50 ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும்.

தொட்டியில் என்ன பிரச்சினை?

"தொட்டி சின்னதா இருந்தா மீனும் சின்னதாவே இருக்கும்" என்பது தவறான நம்பிக்கை. இடம் போதாமல் உடல் வளைந்து, நோய்தான் வரும். அதிகம் சாப்பிடுவதால் கழிவும் அதிகம். அம்மோனியா சேர்ந்து தண்ணீர் சீக்கிரம் கெட்டுவிடும். வாய்க்குள் நுழையும் மற்ற மீன்களையும் விட்டுவைக்காது.

ஏரியில் விடலாமா?

கூடவே கூடாது. இது தண்ணீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். அதனால் ஆக்ஸிஜன் குறைந்த குளத்திலும் தப்பிப் பிழைத்து, உள்ளூர் மீன்களை வேட்டையாடும். 2023-ல் ஸ்ரீநகர் தால் ஏரியில் இந்த மீன் சிக்கியபோது எழுந்த கவலையும் இதுதான்.

அப்போ என்ன செய்வது?

எந்த மீனை வாங்கும் முன்பும், "முழுசா வளர்ந்தா எத்தனை அடி இருக்கும்?" என்று கேளுங்க. ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? கடையிலேயே திருப்பிக் கொடுக்கப் பாருங்க. முடியாவிட்டால் மீன்வளத்துறை அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்க.