ரேடியேட்டர் மூடியில் ஒரு வெப்பமானி

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கணவரின் மூன்று சக்கர மோட்டார் வண்டியை ஓட்டிப்போனார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர். வழிநெடுகத் தண்ணீர் தேட வேண்டியிருந்தது. இன்ஜினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோவதுதான் அந்த வண்டியின் ஏற்பாடு. கொதிப்பது அங்கே பழுதல்ல.

அதைப் பழுதாக்கியவர் பொறியாளர் வில்ஹெல்ம் மைபாக். 1900இல் மெர்சிடிஸ் காருக்கு அவர் செய்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள். அவற்றுக்குள் காற்று ஓடியது, இடுக்குகளில் தண்ணீர் ஓடியது. 9 லிட்டர் தண்ணீரே போதும் என்றானது. ஆனால் இனி ஆவி வந்தால் ஏதோ தவறு என்று பொருள். அதுவும் காலம் கடந்த சேதி. ஆவி கண்ணில் படுவதற்குள் இன்ஜின் பாதி வெந்திருக்கும்.

1910களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹாரிசன் பாய்ஸ் இதற்கு எளிய வழி கண்டார்: ரேடியேட்டர் மூடியிலேயே ஒரு வெப்பமானியைப் பொருத்திவிடுவது. வட்ட முகப்புக்குள் ஒரு சிவப்புக் கோடு ஏறி இறங்கும். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பார்க்கலாம். பெயர் மோட்டோமீட்டர். தண்ணீரைத் தொடாமல், அதற்கு மேலே நிற்கும் ஆவியின் வெப்பத்தைத்தான் அது அளந்தது. தண்ணீர்ப் பம்பு இல்லாமல், சூடான நீர் தானே மேலேறும் இயல்பை நம்பி ஓடிய ஃபோர்டு மாடல் டி போன்ற கார்களுக்கு இது பெரிய துணை.

அந்தக் கோட்டால் விளைந்த பெரிய நன்மை என்று நான் நினைப்பது, 'எப்போது சூடாகிறது?' என்று கேட்க முடிந்ததைத்தான். இன்றும் நல்ல மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி அதுவே. நெரிசலில் ஊரும்போது ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால் ஃபேன் மீது சந்தேகம். நெடுஞ்சாலையில் ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். கிளம்பிய சில நிமிடங்களிலேயே ஏறினால், சூடான நீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம். கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், குறைந்துகொண்டே வந்து, ஒழுகிய தடமும் இல்லையென்றால் இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

1920களின் கடைசியில் வெப்பமானி டாஷ்போர்டுக்குள் குடிபெயர்ந்தது. பிறகு அதன் வாயை அடக்கினார்கள். பல புதிய கார்களில் கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100ஐத் தொட்டாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். முள் ஆடினால் ஓட்டுபவர் பதறுவாராம்! அதனால்தான் மெக்கானிக் முள்ளை நம்பாமல் காரின் கணினியில் ஸ்கேனரைச் செருகி உண்மையான டிகிரியைப் பார்க்கிறார்.

ஸ்கேனரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சென்சார் கூலன்டில் மூழ்கியிருக்க வேண்டும். கூலன்ட் வடிந்துபோனால் அது காற்றையோ ஆவியையோ அளந்து, இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே குறைவாகக் காட்டக்கூடும். ஏறியிருந்த முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால், அல்லது ஏசியில் சூடான காற்றோ பானெட்டிலிருந்து வெந்த வாடையோ வந்தால், உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.