கலிபோர்னியக் கடற்கரைச் சாலையும் குளிர்காலப் பயணமும்

கலிபோர்னியா மாநில நெடுஞ்சாலை 1 என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் பசிபிக் பெருங்கடலை ஒட்டிச் செல்லும் சாலையாகும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலசுக்குக் காரில் சுற்றுலா செல்வோர் பலர் இவ்வழியை விரும்புகின்றனர். இவ்வழியில் இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 730 கி.மீ. ஆகும். இதில் கார்மல் முதல் சான் சிமியோன் வரையுள்ள ஏறத்தாழ 145 கி.மீ. நீளப் பகுதி ‘பிக் சர்’ எனப்படுகிறது. பயணத்தின் அழகும் இடரும் இப்பகுதியில்தான் மிகுதி. குளிர்காலத்தில் இச்சாலை நடுவே துண்டிக்கப்படுவது பலமுறை நிகழ்ந்துள்ளது. எனவே, இங்கு குளிர்காலப் பயணம் திட்டமிடுவோருக்குச் சாலையின் வரலாறும் ஒரு வழிகாட்டியே.

மலையும் மழையும்

பிக் சர் பகுதியில் சாண்டா லூசியா மலைத்தொடர் கடலோரத்திலிருந்து செங்குத்தாக எழுகிறது. இம்மலையிலுள்ள கோன் சிகரத்தின் உயரம் 1,571 மீட்டர். கடலிலிருந்து அதன் தொலைவோ ஏறத்தாழ 5 கி.மீ. மட்டுமே. இங்குள்ள பாறைகளில் பல நொறுங்கியும் பிளவுபட்டும் உள்ளன.

கலிபோர்னியக் கரையில் கோடையில் மழை அரிது. ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் மார்ச் வரை பெய்கிறது. அதாவது, அங்கே குளிர்காலமே மழைக்காலம். நீர் ஊறிய சரிவுகள் மேலிருந்து இறங்க, கீழே அலைகள் அடிவாரத்தை அரிக்கின்றன. காட்டுத்தீயில் மரங்களையும் புதர்களையும் இழந்த சரிவுகளில், அடுத்து வரும் மழை சேற்று வெள்ளமாகப் பாய்கிறது.

வழிமறித்த மலை

எசலன், சலினன் முதலிய தொல்குடி மக்கள் இப்பகுதியில் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். 1769-இல் ஸ்பானியத் தளபதி காஸ்பர் டி போர்ட்டோலாவின் குழு சான் டியாகோவிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டது. செப்டம்பர் மாதத்தில், இன்றைய சான் சிமியோனுக்கு வடக்கே, கரையோரமாக மேலும் செல்ல முடியாதவாறு மலை வழிமறித்தது. குழுவினர் உள்நாட்டுப் பக்கம் திரும்பி, மலையைக் கடந்து சலினாஸ் பள்ளத்தாக்கை அடைந்தனர். இன்றைய நெடுஞ்சாலை 101 இப்பள்ளத்தாக்கின் வழியாகவே செல்கிறது. கடற்கரைச் சாலை மூடப்படும்போது வாகனங்கள் சுற்றிச் செல்வதும் இவ்வழியில்தான்.

சாலை உருவான விதம்

1894-இல் ‘லாஸ் ஏஞ்சலஸ்’ என்னும் நீராவிக் கப்பல் பாயின்ட் சர் அருகே பாறையில் மோதி மூழ்கியது. தப்பியவர்களுக்குச் சிகிச்சை அளிக்க மான்டெரேயிலிருந்து மருத்துவர் ஜான் ராபர்ட்ஸ் குதிரை வண்டியில் விரைந்தார். கரடுமுரடான வழியில் அவர் சென்று சேர மூன்றரை மணி நேரம் ஆயிற்று. இக்கரைக்குச் சாலை வேண்டும் என்பதை அவர் அதன்பின் தொடர்ந்து வலியுறுத்தினார். 1897-இல் கரையோரமாக நடந்தே சென்று வழியை வரைபடமாக்கினார்.

1919-இல் சாலைப் பணிக்கு 15 லட்சம் டாலர் கடன் பத்திரங்கள் வெளியிட வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். 1928 முதல் சான் குவென்டின் சிறைக் கைதிகளும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுக்குக் கிடைத்த கூலி நாளொன்றுக்கு 35 சென்ட். தண்டனைக் காலத்திலும் குறைப்பு அளிக்கப்பட்டது. 1932-இல் திறக்கப்பட்ட பிக்ஸ்பி பாலம் 218 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 85 மீட்டர் உயரமும் கொண்ட கான்கிரீட் வளைவுப் பாலமாகும். பதினெட்டு ஆண்டு உழைப்புக்குப் பின், 1937 ஜூனில் முழுச் சாலையும் திறக்கப்பட்டது.

மூடலும் திறப்பும்

மலையைக் குடைந்து அமைத்த சாலையைக் காப்பது, அமைப்பதைவிடக் கடினமாயிற்று. 1983-இல் ஏற்பட்ட பெரும் நிலச்சரிவு சாலையை ஓராண்டுக்கும் மேல் மூடியது.

2017 பிப்ரவரியில் மழையால் மண் நகர்ந்து பைபர் கேன்யன் பாலம் சேதமடைந்தது. அது இடிக்கப்பட்டு அக்டோபரில் புதிய பாலம் திறக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் பாலத்துக்குத் தெற்கே வாழ்ந்தோர் துண்டிக்கப்பட்டனர். பின்னர் அமைக்கப்பட்ட மலைப்பாதையில் ஏறி இறங்கித்தான் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். அதே ஆண்டு மே 20 அன்று மட் கிரீக் சரிவு ஏறத்தாழ 400 மீட்டர் சாலையைப் புதைத்தது. மழை ஓய்ந்த பின்னும் ஆபத்து நீங்குவதில்லை என்பதற்கு இது சான்று. அப்பகுதி 2018 ஜூலையில்தான் திறக்கப்பட்டது.

2020-இல் டோலன் காட்டுத்தீ எரித்த சரிவுகளிலிருந்து, 2021 ஜனவரி மழையில் வந்த சேற்று வெள்ளம் ராட் கிரீக் என்னுமிடத்தில் ஏறத்தாழ 45 மீட்டர் சாலையை அடித்துச் சென்றது. 2023 ஜனவரியில் நிகழ்ந்த மற்றொரு சரிவு, தொடர் பயணத்தை மீண்டும் ஓராண்டுக்கும் மேல் தடுத்தது.

பயணத் திட்டம்

இவ்வரலாற்றிலிருந்து பயணிகள் அறிய வேண்டியவை சில:

1. புறப்படும் நாளன்று காலையிலும் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்சின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். முந்தைய வாரத் தகவல் போதாது.

2. கார்மலுக்கும் கேம்பிரியாவுக்கும் இடையே மலையைக் கடக்கும் சாலை ஒன்றே உள்ளது. குறுகலான அச்சாலையும் மழையில் மூடப்படுவதுண்டு. எனவே, நடுவில் தடை இருந்தால் பெரும்பாலும் வந்த வழியே திரும்ப வேண்டும். அதற்கேற்ற பெட்ரோலும் உணவும் தேவை. பல இடங்களில் கைபேசி அலைவரிசை கிடைக்காது.

3. டிசம்பரில் மாலை 5 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். விளக்கில்லாத இவ்வளைவுகளைப் பகலிலேயே கடக்க வேண்டும். வழியில் ஓரிரவாவது தங்குவது நல்லது.

4. சாலை மூடியிருந்தாலும் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. வடக்கிலிருந்து பிக்ஸ்பி பாலம் வரை சென்று திரும்பி, 101-இல் தெற்கே இறங்கி, கேம்பிரியா வழியாகச் சான் சிமியோனை அடையலாம்.

குளிர்காலத்துக்கே உரிய காட்சிகளும் உண்டு. சான் சிமியோன் அருகே பியட்ராஸ் பிளாங்காஸ் கரையில் யானைச் சீல்கள் டிசம்பர் முதல் குட்டி ஈனுகின்றன. தெற்கே செல்லும் சாம்பல் திமிங்கிலங்களைக் கரையிலிருந்தே காணலாம். பிஸ்மோ பீச்சில் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் மரக்கிளைகளில் கூட்டமாகத் தங்குகின்றன.

மூடிய சாலையில் தடுப்பை மீறிச் செல்வது பயணியின் உயிருக்கும், அங்கு பணிபுரியும் தொழிலாளர் உயிருக்கும் கேடாகும். மலை வழிவிடாதபோது போர்ட்டோலாவின் குழு உள்நாட்டு வழியை நாடியது. இன்றைய பயணியும் அந்த வழியைத் தம் திட்டத்தில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்வதே பாதுகாப்பு.