இடத்திலிருந்து நேரத்துக்கு: ஜொகூர் பாருவின் தற்காலிகச் சந்தைகள், ஒரு வரலாற்று நோக்கு

ஜொகூர் பாருவின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கட்டடங்களை நம்பியே எழுதியிருக்கிறார்கள். 1866இல் எழுந்த இஸ்தானா பெசார், 1900இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசல், புக்கிட் திம்பாலான் மேட்டில் நிற்கும் பழைய அரசுச் செயலகம் ஆகியவற்றுக்கு ஆவணமும் உண்டு, படமும் உண்டு. மாலையில் முளைத்து இரவு பத்து, பதினொன்றுக்குள் சுருட்டிக்கொண்டு போய்விடும் சந்தைக்கு அப்படி எதுவும் கிடையாது. மறுநாள் காலையில் தாரில் மிஞ்சும் எண்ணெய்க் கறைதான் அதன் கல்வெட்டு. ஆகவே இந்தச் சந்தைகளின் வரலாற்றைத் தேடுகிறவர் வேறு சான்றுகளிடம் போக வேண்டியிருக்கிறது: உரிமச் சட்டங்கள், கோயில் நாட்காட்டிகள், சம்பள நாட்கள், ரயிலும் படகும் புறப்பட்ட நேரங்கள்.

அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதிகாரம் சந்தையின் இடத்தைக் கையில் வைத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதிக்குள் அது சந்தையின் நேரத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. கடையோ நிலமோ இல்லாமல் பின்னால் வந்தவர்களுக்கு, அவர்களில் தமிழர்களுக்கும், நகரத்தின் நடுவே கால்வைக்க வழி கிடைத்தது இந்த இரண்டாவது ஏற்பாட்டில்தான். அந்த வழியின் விலை என்ன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆற்று முகப்பும் ஏகபோகமும்

ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் டாயெங் இப்ராகிம், 1844 முதல் சீனத் தலைவர்களுக்கு 'சூராட் சுங்கை' என்னும் ஆற்றுப் பத்திரங்களை வழங்கத் தொடங்கினார். ஓர் ஆற்றின் கரையோரக் காட்டைத் திருத்தி மிளகும் காம்பியரும் பயிரிடும் உரிமை அதில் இருந்தது. காம்பியர் வெற்றிலையோடு மெல்லப்பட்டது. தோல் பதனிடவும் சாயத்துக்கும் மேற்கே கப்பலேறியது. பத்திரம் பெற்ற தலைவர் 'கங்சு'. அவர் ஆற்றின் படகுத்துறையில் எழுப்பிய குடியிருப்பு 'கங்கார்'. கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்று அந்தப் பெயர்கள் இன்றும் ஊர்ப்பெயர்களாக நிற்கின்றன.

கங்காரில் சந்தை இருந்தது. திறந்த சந்தையாக இல்லை. அபின், சாராயம், சூதாட்டம், அடகு, பன்றி இறைச்சி ஆகியவற்றின் உரிமை கங்சுவின் பிடியில் இருந்தது. தோட்டக் கூலி சம்பாதித்த காசு வெளியே போகாமல் அதே துறையில் சுற்றி அவரிடமே திரும்பியது. யார் வேண்டுமானாலும் கூடையை இறக்கி வைத்து விற்கலாம் என்னும் நிலை அங்கு கிடையாது. ஜொகூரின் முதல் வணிக வெளிகள் பொதுவெளிகளாக இருந்ததாக நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கங்சு முறை 1917இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1914இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகர் பதவி வந்ததற்குப் பிறகு.

1855இல் தஞ்சோங் புத்ரியில் டாயெங் இப்ராகிம் நிறுவிய நகரம், 1866இல் அவர் மகன் அபு பக்காரின் காலத்தில் ஜொகூர் பாரு என்று பெயர் பெற்றபோதும் அதே அச்சுதான். செகெட் ஆற்றை ஒட்டித் தன் 'கம்பம்' என்னும் குடியிருப்பை எழுப்பிய வோங் ஆ ஃபூக் தச்சராக வந்து, இஸ்தானா பெசாரைக் கட்டிக்கொடுத்து, அரண்மனையின் நம்பிக்கையைப் பெற்றவர். அவருடைய கம்பத்தின் உயிர்நாடி சூதாட்டம். சிங்கப்பூரில் சூதாட்டத்துக்குத் தடை இருந்ததால் நீரிணையைக் கடந்து கூட்டம் வந்தது. 1903இல் சிங்கப்பூர் ரயில் பாதை கிராஞ்சி வரை நீண்டதும் வருகை இன்னும் எளிதாயிற்று. அப்போதே ஒரு புதுப் பழக்கம் உருவாகிவிட்டது: ஊரின் கடைத்தெரு எப்போது களைகட்டும் என்பதைப் படகும் ரயிலும் வந்துசேரும் வேளை தீர்மானித்தது. 1924 ஜூனில் சிங்கப்பூரோடு இணைக்கும், ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே நீண்ட பாலச்சாலை முறைப்படி திறக்கப்பட்டபோது அந்தப் பழக்கம் நிரந்தரமானது.

சாமி புறப்படும் நாட்கள்

இட உரிமை ஏகபோகமாக இருந்த ஊரில், தெருவைச் சில மணி நேரத்துக்குப் பொதுவாக்கியவை திருவிழாக்கள். ஜாலான் துருஸில் உள்ள சீனப் பழங்கோயில் 1870 அளவில் எழுந்தது. தியோச்சூ, ஹொக்கியன், ஹக்கா, கான்டனீஸ், ஹைனானீஸ் என்னும் ஐந்து மொழிக்குழுக்கள் ஆளுக்கொரு தெய்வத்தை அங்கு வழிபடுகின்றன. சீன ஆண்டின் முதல் மாதம் 20ஆம் நாள் தொடங்கி அந்த ஐந்து தெய்வங்களும் வெளியே எழுந்தருளுகின்றன. 21ஆம் நாள் இரவு நடக்கும் பெரிய ஊர்வலமே சிங்கே. 2012இல் அது தேசிய மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. பக்தியைத் தள்ளிவைத்துவிட்டு ஊர்வலத்தின் ஓரத்தைப் பாருங்கள்: தெருவோரம் நெடுகக் குடிபானம், பலகாரம், விளையாட்டுச் சாமான். அன்றிரவு அந்தத் தெரு வாகனத்துக்குச் சொந்தமில்லை.

அதிலிருந்து சில நிமிட நடையில் ஜாலான் உங்கு புவான். அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயம் 1911இல், சுல்தான் இப்ராகிமின் ஆட்சிக்காலத்தில் இங்கே அமைந்தது. அருகில் ஜாலான் டோபி. சலவைத் தொழிலாளர்களின் பெயரைத் தாங்கிய தெரு. கோயிலைச் சுற்றி வளர்ந்த இந்தியர் கடைத்தெருவின் உண்மையான சந்தை கடைகளுக்கு உள்ளே இல்லை, அஞ்சடியில் இருந்தது. கடை முகப்பில், மேல்மாடிக்குக் கீழே, மழை படாமல் ஓடும் அந்த ஐந்தடி நடைபாதை சட்டப்படி நடப்பவர்களுக்கானது. நடைமுறையில் பூக்கட்டுபவரின் பலகை, வெற்றிலைத் தட்டு, ஜோசியரின் கூண்டு எல்லாவற்றுக்கும் அதுவே இடம். வெள்ளிக்கிழமையும் ஆடி மாதமும் வந்தால் பலகை வெளியே இரண்டடி நீளும்; மற்ற நாளில் உள்ளே சுருங்கும். கடைக்காரருக்கும் பூக்காரருக்கும் நடுவே எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருந்தால்தான் இது நடக்கும். நகராட்சிச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, எந்த நாளில் எவ்வளவு இடம் என்பதை அஞ்சடி வியாபாரம் இப்படித் தானாகவே பழகியிருந்தது.

சம்பள நாள்

தமிழ் வாசகருக்கு நன்கு தெரிந்த, ஆனால் நகர வரலாற்றில் இடம்பெறாத ஒரு சந்தை தோட்டங்களில் நடந்தது. ரெங்கம், குளுவாங், கூலாய், லாபிஸ், சிகாமட் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் மாதத்தில் ஒரு நாள் மட்டுமே கையில் காசு புரளும். கிராணி பெயர் கூப்பிட்டுச் சம்பளம் போடும் நாளில் பட்டணத்து வியாபாரிகள் தோட்டத்துக்கு வண்டியேறி வந்தார்கள். ஆபீசுக்கு எதிரே உள்ள திடலில் துணி விரித்தார்கள். சேலை, கைலி, வளையல், ஈயப் பாத்திரம், சாமி படம், மிட்டாய். இருட்டியதும் காஸ் விளக்கு. மாதம் முழுதும் தோட்டத்துக் கடையில் பற்றெழுதி வாழ்ந்த குடும்பத்துக்கு, ரொக்கம் கொடுத்து, விலை பேசி, தானே பொறுக்கி எடுத்து வாங்குவது அந்த ஒரு மாலையில்தான். கடன் கொடுத்தவரும் அதே திடலின் ஓரத்தில் நின்றிருப்பார் என்பதால் மகிழ்ச்சி முழுமையானது என்று சொல்லிவிட முடியாது.

இந்தச் சம்பள நாள் சந்தையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் 'பாசார் மாலாம்' என்னும் இரவுச் சந்தை 1950களில் பரவியதும் இதே தர்க்கத்தில்தான்: பிரிட்டிஷ் ராணுவத் தளங்களில் சம்பளம் போடும் இரவுகளை வியாபாரிகள் பின்தொடர்ந்தார்கள். காசு எங்கே, என்றைக்கு இருக்கிறதோ அங்கே, அன்றைக்குச் சந்தை. இரவுச் சந்தையை மலாய்க் கிராமப் பண்பாட்டின் எச்சமாக மட்டும் விளக்கும் சுற்றுலாக் கையேடுகளுக்கு இந்தக் கூலிப் பொருளாதாரம் கண்ணில் படுவதில்லை.

1970களில் இந்தத் தர்க்கம் நகருக்கு இடம்பெயர்ந்தது. 1977இல் பாசிர் கூடாங் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அதையொட்டி ஆலைகள் வந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் ஆட்களை வெளியே தள்ள, தோட்டத்துப் பிள்ளைகள் ஆலைச் சம்பளத்துக்குப் போனார்கள். தெப்ராவ், ஸ்கூடாய் பக்கங்களில் 'தாமான்' என்னும் வரிசை வீட்டுக் குடியிருப்புகள் பெருகின. வீடுகள் முதலில் வந்தன, கடைகள் போதவில்லை. ஆலை விட்டு வருகிறவர்களின் மாலை நேரத்தைப் பாசார் மாலாம் பிடித்துக்கொண்டது.

உரிமம் என்னும் கடிகாரம்

ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டவை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைப்படுத்தியது. அதே சட்டம் அங்காடி வியாபாரத்துக்கு விதிகள் செய்யவும் உரிமம் வழங்கவும் மன்றங்களுக்கு அதிகாரம் தந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தெருவை யாருக்கு, எத்தனை மணி நேரம் விடுவது என்று தீர்மானிக்கும் மன்றத்தை, அந்தத் தெருவில் நிற்கும் வியாபாரி வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை.

சிங்கப்பூர் 1978இல் தன் இரவுச் சந்தைகளை மூடிவிட்டது. ஜொகூர் அவற்றை வாரநாட்களாகப் பங்கிட்டது. ஒரு தாமானுக்கு ஒரு கிழமை. வியாபாரி வாரம் முழுதும் தாமானுக்குத் தாமான் சுற்றுகிறார். பிற்பகலில் வேன்கள் பின்னோக்கி வந்து, தாரில் பெயின்ட் அடித்த கோடுகளுக்குள் தங்களைச் செருகிக்கொள்கின்றன. இரும்புக் கால்கள், கூடாரத் துணி, விளக்குக் கம்பி, ஜெனரேட்டர். அப்பம் பாலிக் சட்டி சூடேறும்போது பக்கத்தில் முர்தபா கல்லில் வெங்காயம் விழுகிறது. கச்சான் பூத்தே வண்டியில் முறுக்கும் வறுத்த கடலையும் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டிகளில். முகப்பில் தொங்கும் உரிம அட்டையில் வியாபாரியின் படத்தோடு இடமும் கிழமையும் இருக்கும். மணி தாண்டினால் அமலாக்க அதிகாரிகளின் வண்டி வரும். சாலை ஒன்றுதான்: காலையில் பள்ளிப் பேருந்துக்கு, மாலையில் மீன் கூடைக்கு, நள்ளிரவில் குப்பை லாரிக்கு. நிலவாடகை கொடுக்க முடியாதவர் நான்கைந்து மணி நேரத்தை வாங்கிக்கொள்கிறார்.

1985இல் ஃபாமா எனப்படும் மத்திய வேளாண் விற்பனை வாரியம் 'பாசார் தானி'யைத் தொடங்கியது. விவசாயி இடைத்தரகர் இல்லாமல் விற்கும் காலைச் சந்தை. அதுவும் திடல்களிலும் வாகன நிறுத்தங்களிலும் வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான். ரமலான் பசார் பிற்பகல் மூன்றுக்குத் தொடங்கி நோன்பு திறக்கும் நேரத்தோடு அடங்குகிறது. தீபாவளிச் சந்தைக்கு இரண்டு மூன்று வாரம். அந்த வாரங்களில் ஜாலான் உங்கு புவானின் லிட்டில் இந்தியா வட்டாரத்துக்கு வந்துசேரும் துணிக்கடைக்காரர்கள் பலருக்கு நகரத்தில் நிரந்தரக் கடை கிடையாது. நேரமாக விற்கப்பட்டதால்தான் அவர்களுக்கு ஊரின் மையம் எட்டியது. ஆனால் பத்தாண்டு தொடர்ந்து ஒரே இடத்தில் கடை போட்டவருக்கும் பதினோராவது ஆண்டில் உரிமை ஏதும் இல்லை. மீண்டும் விண்ணப்பம், மீண்டும் குலுக்கல், சில ஆண்டுகளில் கைமாறிய உரிமம் பற்றிய அதே புகார்கள். கங்சுவின் ஏகபோகம் போன இடத்தில் வந்தமர்ந்தது இந்த நிச்சயமின்மை.

நகரம் தானாகக் கட்டிக்கொடுத்த பொதுவெளியும் உண்டு. 1994 ஜனவரி 1இல் ஜொகூர் பாரு மாநகரத் தகுதி பெற்றதன் நினைவாக டத்தாரான் பண்டாராயா அமைந்தது. மணிக்கூண்டு, விரிந்த தளம், அணிவகுப்புக்கு வசதி. அரசு விழாவுக்கும் புத்தாண்டு இரவுக்கும் அது நிரம்பும். நண்பகல் வெயிலில் அதைக் கடந்து நடப்பவர் குறைவு. திடல் அமைத்துவிட்டால் கூட்டம் வந்துவிடும் என்று திட்டமிடுவோர் நம்புகிறார்கள். இந்த நகரத்தின் அனுபவம் அதை ஆமோதிக்கவில்லை. அதே நகரில் ஜாலான் செகெட்டில் பழைய சாமானும் மலிவு உடையும் விற்ற 'பாசார் காராட்', எந்தத் திட்ட வரைபடத்தின் அழகும் இல்லாமல் இரவு வெகுநேரம் வரை கூட்டம் சேர்த்தது.

நாட்காட்டி மாறும்போது

இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2020 காட்டியது. மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பாலச்சாலை அடைபட்டது, அந்த ஆண்டு ரமலான் பசார்களுக்கு அனுமதி இல்லை. கடை வைத்திருந்தவர் கதவைப் பூட்டிவிட்டுக் காத்திருக்க முடிந்தது. நேரத்தை மட்டும் வைத்திருந்தவரிடம் பூட்டுவதற்கு ஒன்றுமில்லை. நில எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1இல்.

இன்னொரு மாற்றம் அமைதியாக நடந்தது. 2014 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு. அலுவலகத்துக்கு இது ஒரு சுற்றறிக்கை. கிழமையை முதலாக வைத்துப் பிழைப்பவருக்கோ பதினோரு ஆண்டுக் கணக்கு புரண்டது. வெள்ளிக்கிழமைச் சந்தை விடுமுறை நாள் சந்தை என்ற நிலையை இழந்தது. ஞாயிறு மாலை விடுமுறையின் கடைசி மாலையாயிற்று. சிங்கப்பூர்க் குடும்பங்களும் உள்ளூர்க் குடும்பங்களும் ஒரே இரு நாட்களில் வந்து குவிகின்றன. வருமானமும் நெரிசலும் அந்த இரு நாட்களில் திரள, மற்ற நாட்கள் வெளுத்தன. எந்தத் தாமானுக்கு எந்தக் கிழமை என்ற பழைய பங்கீட்டின் மதிப்பே இதனால் மாறிப்போகிறது.

அடுத்தது உட்லண்ட்ஸையும் புக்கிட் சாகாரையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் தடம். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேரைச் சுமக்கும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. புக்கிட் சாகாரிலிருந்து உங்கு புவான் அதிகத் தொலைவில்லை. கூட்டம் பெருகுமா என்பதைவிட, கடைசி ரயிலுக்கு எவ்வளவு முன்பாக வந்தவர்கள் எழுந்து போவார்கள், மாநகர் மன்றம் உரிம நேரத்தை அதற்கேற்ப நீட்டுமா, நீட்டினால் அந்தக் கூடுதல் மணிகளை இப்போது நிற்கும் வியாபாரிகளுக்கே கொடுக்குமா, புதிய ஏலத்துக்கு விடுமா என்ற கேள்விகளே வியாபாரிகளின் பிழைப்பைத் தொடுபவை.