கூறைநாட்டுக் கூறை

மயிலாடுதுறை நகரத்தின் ஒரு பகுதியாகிய கூறைநாட்டின் பெயரைக் கடைப் பலகைகளிலும் விவாகப் பத்திரிகைகளிலும் சிலர் இடையின ரகரமிட்டுக் 'கூரைநாடு' என்று எழுதிவிடுவதைக் காணுந்தோறும் என் மனம் சங்கடப்படுகிறது. அந்த ஓரெழுத்து மாறிய மாத்திரத்தில் வஸ்திரம் போய் வீட்டு முகடு வந்துவிடுகிறது, ஓர் ஊரின் பூர்வ சரித்திரமும் அதனோடு மறைந்துவிடுகிறது. கூறை என்றால் ஆடை. கூறு செய்யப்பட்டது கூறை, துணிக்கப்பட்டது துணி, துண்டிக்கப்பட்டது துண்டு, அறுக்கப்பட்டது அறுவை. நெய்து முடித்ததைத் தறியினின்றும் அறுத்தெடுக்கும் அந்த ஒரு கணத்தை வைத்தே நம் முன்னோர் இத்தனை பெயர்களை ஆக்கிக்கொண்டார்கள். சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று வழங்கப்பெற்றது அவர் துணி வியாபாரம் செய்தவர் என்பதனால்தான். கூறை நெய்தவர் வாழ்ந்த ஊர் கூறைநாடு. பேச்சு வழக்கில் கொரநாடு. இங்கிலீஷ்காரர் எழுத்தில் கோர்நாட். மாயூரமாகவும் மாயவரமாகவும் வழங்கிய நகரம் 1982-இல் மயிலாடுதுறை என்று தன் பழம்பெயரை மீட்டுக்கொண்டது. 2020-இல் தனி ஜில்லாவின் தலைநகரமும் ஆயிற்று. கூறைநாடு மட்டும் தன் தொழிலின் பெயரையே தாங்கியபடி இருந்துவிட்டது.

எங்கள் வீட்டு மரப்பெட்டியின் அடியில், வேப்பிலையும் வசம்பும் இட்டு, என் பாட்டியின் கூறை ஒன்று பல காலம் இருந்தது. ஒன்பது கஜம், அரக்கு வர்ணம், உடல் முழுதும் சிறு சிறு கட்டம். வருஷத்துக்கொருமுறை வெயிலில் காயப்போடுவதற்காக அதனை வெளியே எடுக்கும்போது அருகிருந்து பார்த்திருக்கிறேன். சில இழைகள் வெளிச்சத்தில் மின்னும். அவற்றை அடுத்த இழைகள் மங்கலாய் அடங்கிக் கிடக்கும். மின்னுவது பட்டு, அடங்கியது பருத்தி. பாவிலும் ஊடையிலும் இவ்விரண்டையும் கலந்து கட்டம் போடுவதே இவ்வூரின் விசேஷம். மடித்த மடிப்பிலே பட்டிழைகள் இற்றுப்போன இடங்களில், பருத்தியிழைகள் மட்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நின்றதை விரலால் தொட்டுப் பார்த்தது இன்றும் ஞாபகத்தில் இருக்கிறது. அந்தப் புடவையைப் பாட்டி விவாக தினத்தன்று உடுத்தினாள். பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொடுக்கும் கூறையை உடுத்தி வந்த பின்னரே மணப்பெண் தகப்பனார் மடியில் அமர்ந்து மாங்கல்யதாரணம் செய்துகொள்வது நம் பக்கத்துப் பிராமண இல்லங்களின் சம்பிரதாயம்.

இந்தப் புடவை ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்ததன்று. ஒரு வீட்டிலிருந்து புறப்பட்டு மற்றொரு வீட்டுக்கு வந்தது. நெசவாளனுடைய தறி அவன் வீட்டின் உள்ளேயே, தரையில் தோண்டிய குழியை ஒட்டி இருக்கும். குழியிலே காலைத் தொங்கவிட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதித்து, கையால் நாடாவை இப்பக்கமிருந்து அப்பக்கம் எறிந்து, அச்சை இழுத்து அடிப்பது குடும்பத் தலைவனுடைய காரியம். ஆனால் அவன் தறியில் உட்காருவதற்கு முன்பே வீட்டார் அனைவருடைய கையும் அந்த நூலில் பட்டிருக்கும். கிழவி இராட்டையில் தார் சுற்றுவாள். சமையலை முடித்துக்கொண்டு வந்த மருமகள், தறியில் முடிந்துபோன பழம்பாவின் நுனிகளோடு புதுப்பாவின் நுனிகளை ஒவ்வோரிழையாக, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கில் முறுக்கிப் பிணைப்பாள். கரைக்கு வேறு வர்ணம் வைத்துக் கோர்வையாக நெய்யும்போது, தகப்பன் பக்கத்தில் ஒரு சிறுவன் உட்கார்ந்து கரை நாடாவை எடுத்துக் கொடுப்பான்; அவ்வாறு கொடுத்துக்கொண்டே அவன் தொழிலையும் கற்றுக்கொள்வான். இதற்கென்று தனியே ஒரு பள்ளிக்கூடம் வேண்டியிருக்கவில்லை.

பாவு ஓடுவது மட்டும் வீட்டுக்குள் அடங்காத காரியம். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், தெருவின் நீளத்துக்கும் இழைகளை விரித்துக் கட்டி, குறுக்கே குச்சிகளைச் செருகி, அரிசிக் கஞ்சியைத் தடவி, நீண்ட தூரிகையால் நீவி நீவி உலர்த்துவார்கள். அறுந்த இழையைக் கண்டவர் எவரோ அவரே முடிந்துவிடுவார். அது தம்முடைய பாவா, அடுத்த வீட்டுக்காரருடையதா என்று பார்ப்பதில்லை. காவேரிப் பாசனத்தில் விளைந்த அரிசி சோறாகி மனிதரைத் தாங்கியது போலவே, கஞ்சியாகி இழையையும் தாங்கிற்று என்பதை நினைக்கும்போது, வயலும் தறியும் இந்நாட்டில் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பது புலனாகும்.

அந்த நெருக்கம் வேறு விதத்திலும் உண்டு. சம்பா அறுவடை முடிந்து களத்து நெல் வீடு சேர்ந்த பின்னரே மிராசுதாருக்கும் குடியானவருக்கும் கையில் பணம் புரளும். தை பிறந்ததும் கல்யாணங்கள் நிச்சயமாகும். கல்யாணங்கள் நிச்சயமானால்தான் கூறைக்கு முன்பணம் வரும். நெல் பொய்த்த வருஷத்தில் நெசவாளன் வீட்டிலும் அடுப்பு மெதுவாகத்தான் எரிந்திருக்கும். ஐப்பசியிலோ நிலைமை இன்னும் கடினம். துலா ஸ்நானத்துக்கு நாடெங்குமிருந்து ஜனங்கள் காவேரிக்கரையில் வந்து கூடுகின்ற அதே மாதத்தில் அடைமழை பிடித்துக்கொள்ளும். தெருவில் பாவு விரிக்க முடியாது, தறிக்குழியில் ஈரம் ஊறும், நூல் விறைப்பு இழந்து தொய்யும். ஊரே திருவிழாக் கோலம் பூண்டிருக்கும் நாட்களில் தறி ஓய்ந்து கிடக்கும்.

நெசவைப் பக்தியினின்றும் பிரித்துப் பார்க்க அக்காலத்தவர் அறியார். அறுபத்துமூன்று நாயன்மாருள் நேச நாயனார் காம்பீலி என்னும் ஊரில் சாலியர் குலத்திற் பிறந்து, மனத்தைச் சிவபெருமான் திருவடியிலும் கையைத் தறியிலும் வைத்து, அடியார்களுக்கு உடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்தவர் என்பது 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் வைத்த வரலாறு. புனுகுப்பூனை பூஜித்ததாகப் புராணம் கூறும் புனுகீஸ்வரர் கோயில் கொண்டிருக்கும் கூறைநாட்டிலே, சாலியப் பெருமக்கள் அந்த நாயனாரைத் தம் குலமுதல்வராக வணங்கி வந்திருக்கிறார்கள். மிகச் சாமானியமான கோவணத்தை நெய்ததற்காக ஒருவர் நாயன்மார் வரிசையில் வைக்கப்பெற்றார் என்பது, கைத்தொழிலை நம்மவர் எந்த ஸ்தானத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்குப் போதுமான சாட்சியம்.

இந்தக் கரையோரத்து நெசவைத் தேடிக் கப்பல்களும் வந்தன. தஞ்சை ரகுநாத நாயக்கர் அனுமதி பெற்று டேனிஷ்காரர் 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி அமர்ந்து, 1845-இல் அதனை ஆங்கிலேயருக்கு விற்றுப் போகும்வரை, மிளகோடு சேர்த்துச் சோழ மண்டலத்துப் பருத்தித் துணியையும் ஏற்றிச் சென்றார்கள். தென்னாட்டுச் சிவப்பின் ரகசியம் சாயவேர். இம்பூறல் என்னும் சிறு செடியின் வேர் அது; கடற்கரை மணலில் விளைவது. அரக்கிலிருந்தும் சாயம் எடுத்தார்கள். கூறையின் வர்ணத்துக்கு அரக்கு என்று பெயர் வந்ததே அதனால்தான். 1868-இல் ஜெர்மனியில் இரண்டு ரசாயன சாஸ்திரிகள் சிவப்புச் சாயத்தைச் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டுபிடித்த பின் வேர் தோண்டுவோருக்கு வேலை போயிற்று. சாயம் போயும் சாயத்தின் பெயர் நிலைத்தது.

மில் நூலும் மில் துணியும் வந்து எளிய வேட்டி சேலை நெய்தவரைத் தாக்கிய அளவுக்குக் கூறையைத் தாக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். கல்யாணப் புடவையை மான்செஸ்டரில் வாங்க யாரும் துணியவில்லை. 1935-இல் நெசவாளர் கூட்டுறவுக்காக இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் ஸ்தாபனம் தோன்றியதும், வேட்டியும் புடவையும் கைத்தறிக்கே உரியனவாக இருக்கவேண்டும் என்று ராஜாஜி வாதித்ததும், 1953-இல் அண்ணாதுரையும் அவருடைய கட்சியினரும் தெருத்தெருவாகக் கைத்தறித் துணி விற்றதும், 1985-இல் மத்திய சர்க்கார் சில ரகங்களைக் கைத்தறிக்கென்று சட்டத்தால் ஒதுக்கியதும் நெசவாளர் துயரத்தைச் சற்றுத் தணித்தன. கூறைநாட்டை வீழ்த்தியது வேறு. பட்டும் பருத்தியும் கலந்தது குறைவென்றும், முழுப் பட்டும் கனத்த சரிகையுமே கௌரவமென்றும் நம் கல்யாண வீடுகள் நினைக்கத் தொடங்கின. எல்லோரும் காஞ்சீபுரத்துக்குப் போனார்கள். பின்பு விசைத்தறி, கட்டத்தையும் கரையையும் பார்த்துப் பார்த்து அதே மாதிரி ஆக்கிற்று. நெசவாளர் பிள்ளைகள் வேறு ஜீவனம் தேடிக்கொண்டார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. தறியை வேண்டாமென்று முதலில் சொன்னவர்கள் வாங்கியவர்களாகிய நாம்தாம்.

உடுத்தியவள் வீட்டில் கூறையின் ஆயுள் கல்யாணத்தோடு முடிந்ததில்லை. வரலக்ஷ்மி விரதத்துக்கும் சீமந்தத்துக்கும் எடுத்துக் கட்டுவார்கள். கிழிசல் கண்டபின் நல்ல பாகத்தை வெட்டித் தைத்துப் பெண் குழந்தைக்குப் பாவாடையாக்குவார்கள். நவராத்திரிக் கொலுப் படியிலே விரிப்பார்கள். மிகப் பழையதாய் மிருதுவாகிப்போனதை உத்தரத்தில் கட்டித் தூளியாக்குவார்கள். ஊசியும் நூலும் கையிலிருந்த ஸ்திரீகள் பிறர் உதவியின்றி வீட்டுக்குள்ளேயே செய்துகொண்ட இந்தக் காரியங்களை யாரும் கைத்தொழில் என்று பெயரிட்டுப் பாராட்டியதில்லை. என் தகப்பனார் தூங்கிய தூளி அந்த அரக்குக் கூறையின் முந்தானைப் பக்கம். மிஞ்சியதே பெட்டிக்குள் இருந்தது.

கூறைநாட்டில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. ஆனால் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில், மணப்பெண் உடுத்தும் புடவைக்கு இன்றும் கூறை என்பதே பெயர். மணவறையில் தட்டோடு கூறையைப் பெற்று உள்ளே சென்று, அதனை மாற்றி உடுத்தித் திரும்பி வந்து அமர்ந்த பிறகுதான் அங்கே தாலி ஏறுகிறது. யாழ்ப்பாணத்தார் லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் குடியேறிய பின்னும், அங்குள்ள மண்டபங்களில் அந்தக் கிரமமும் அந்தச் சொல்லும் மாறவில்லை.

இவ்வாண்டு உங்கள் வீட்டில் கல்யாணம் இருக்குமாயின், முகூர்த்தப் பட்டுக்கு எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் கொடுங்கள். தட்டில் வைக்கும் கூறை ஒன்றையாவது கூறைநாட்டில் எந்த வீட்டில் தறி ஓடுகிறதென்று விசாரித்து, அந்த வாசலிலே போய் நின்று வாங்குங்கள்.