இடம் விட்டு எழுதியவர்கள்: ஸலவாத்தின் எழுத்து வரலாறு

ஹதீஸ் வகுப்பில் ஆசிரியர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார். மாணவரின் எழுதுகோல் அவரைத் துரத்திக்கொண்டு ஓடும். ஒவ்வொரு ஹதீஸிலும் நபிகள் நாயகத்தின் பெயர் ஒருமுறையேனும் வரும். வரும்போதெல்லாம் 'ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்' என்ற முழு வாசகத்தையும் எழுதினால் அடுத்த சொற்றொடர் தவறிப்போகும். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பஸராவைச் சேர்ந்த இரு அறிஞர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். ஒருவர் இமாம் புகாரியின் ஆசிரியரான அலீ இப்னுல் மதீனி (இறப்பு 849). மற்றவர் அப்பாஸ் அல்அன்பரி (இறப்பு 860). தாங்கள் கேட்ட எந்த ஹதீஸிலும் ஸலவாத்தை விட்டதில்லை என்றும், அவசரம் நேர்ந்தால் அதற்குரிய இடத்தை வெறுமையாக விட்டுவைத்துப் பின்னர் திரும்பிவந்து நிரப்புவோம் என்றும் இருவரும் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

அதே காலத்தில் பக்தாதில் வாழ்ந்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலின் (இறப்பு 855) வழக்கமோ வேறு. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அவருடைய கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்த கதீபுல் பக்தாதி (இறப்பு 1071), பல இடங்களில் நபியின் பெயர் மட்டும் இருப்பதையும் கூடவே வரவேண்டிய ஸலவாத் எழுதப்படாததையும் குறித்துவைத்தார். அஹ்மத் அதை நாவால் சொல்லிவிடுவார், எழுதுவதில்லை என்று தமக்குச் செய்தி எட்டியதாகவும் சேர்த்துச் சொன்னார். நபிவழியைப் பேணுவதற்காகச் சிறைக்கும் சவுக்கடிக்கும் ஆளானவர் அஹ்மத். 27,000க்கும் மேற்பட்ட அறிவிப்புகள் கொண்ட 'முஸ்னத்' அவருடையது. அப்படிப்பட்டவரின் கை இந்த இடத்தில் ஏன் நின்றது?

சோம்பல் என்று யாரும் சொல்லத் துணியவில்லை. ஆயினும் உழைப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அரபியில் இவ்வாசகத்துக்குப் பதினைந்து எழுத்துகள். அறிவிப்புக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டாலும் முஸ்னத் அளவுள்ள ஒரு நூலில் அது நான்கு லட்சம் எழுத்துகளைத் தாண்டுகிறது. தாளும் மையும் விளக்கெண்ணெயும் விலை கொடுத்து வாங்கிய காலம் அது.

திமிஷ்கின் அஷ்ரஃபிய்யா ஹதீஸ் கல்லூரியில் தலைமைப் பொறுப்பிலிருந்த இப்னுஸ் ஸலாஹ் (இறப்பு 1245) ஹதீஸ் கலைக்கு எழுதிய புகழ்பெற்ற அறிமுக நூலில் இக்கேள்விக்கு ஒரு விடையைத் தருகிறார். அஹ்மத் அறிவிப்பின் நாணயத்தை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தவர். தமக்கு ஹதீஸைச் சொன்னவர் அந்த இடத்தில் ஸலவாத் சொன்னாரா, அவருக்குச் சொன்னவர் சொன்னாரா என்று தொடர் முழுவதிலும் உறுதி கிடைக்காத நிலையில், அதைத் தம் கையால் சேர்ப்பது முன்னோர் சொல்லாத ஒன்றை அவர்கள் வாயில் ஏற்றுவதாகிவிடும் என்று அவர் அஞ்சியிருக்கலாம். இப்னுஸ் ஸலாஹின் ஊகம் இதுவே. ஊகம் என்றாலும் அந்த மனிதரின் இயல்போடு அது நன்கு பொருந்துகிறது.

ஆனால் அஹ்மதை இவ்வளவு பரிவோடு விளக்கிய இப்னுஸ் ஸலாஹ், தம் மாணவர்களுக்கு நேர்மாறான அறிவுரையே வழங்கினார். மூலப் பிரதியில் ஸலவாத் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். திரும்பத் திரும்ப எழுதுவதில் சலிப்படையாதீர்கள். அவர் காட்டும் காரணம் கூர்மையானது: ஸலவாத் என்பது எழுதுபவர் தாமே அங்கே நிகழ்த்தும் துஆ, பிறர் சொன்னதை எடுத்துரைக்கும் செய்தி அன்று. எனவே அறிவிப்பின் கட்டுப்பாடு அதற்குப் பொருந்தாது. செய்தி சொல்வதையும், சொல்வதாலேயே ஒரு செயலை நிகழ்த்துவதையும் வேறுபடுத்திக் காட்டுவதை இருபதாம் நூற்றாண்டு மொழித் தத்துவத்தின் பெரிய கண்டுபிடிப்பாகப் பாடநூல்கள் குறிப்பிடுவது வழக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் திமிஷ்கில் பிரதி எடுப்போருக்கான நடைமுறைக் குறிப்பு ஒன்றில் அந்த வேறுபாடு இயல்பாக வந்துபோகிறது.

வாசகத்தின் இலக்கணமும் இதற்குத் துணைநிற்கிறது. 'ஸல்லா' என்பது வடிவத்தில் இறந்தகால வினை. 'அருள் புரிந்தான்' என்பதே அதன் நேர்பொருள். வாழ்த்திலும் வேண்டுதலிலும் அரபி இறந்தகால வடிவத்தை விழைவுப் பொருளில் ஆளும். தமிழில் இதற்கென்றே வியங்கோள் இருப்பதால் 'உண்டாவதாக' என்று நாம் சொல்கிறோம். வாசகத்தின் வேரான குர்ஆன் வசனத்திலோ (33:56) நிலைமை இன்னும் நுட்பமானது. அல்லாஹ்வும் அவனுடைய வானவர்களும் நபியின்மீது ஸலவாத் சொல்கிறார்கள், நம்பிக்கை கொண்டோரே நீங்களும் சொல்லுங்கள் என்பது அதன் கருத்து. அங்கே வருவது தொடர்ந்து நிகழும் செயலைக் குறிக்கும் வினைவடிவம். ஒரே வினைக்கு இறைவனும் வானவரும் மனிதரும் எழுவாய்களாகின்றனர். இறைவன் செய்வது அருளும் புகழுரையும். வானவர் செய்வது பாவமன்னிப்பு வேண்டல். மனிதர் செய்வது துஆ என்று விரிவுரையாளர்கள் பொருளைப் பிரித்தார்கள். ஸலவாத்தின் சிறப்பைப் பேசும் எந்த நூலும் இந்த வசனத்திலிருந்தே தொடங்கும். மனிதருக்கு ஏவப்படும் ஒரு செயலை ஏவுபவனே முதலில் தன்மீது ஏற்றிச் சொல்வது வேறெந்தக் கட்டளையிலும் இவ்வாறு இல்லை என்பது அவர்களுடைய வாதம். ஒருமுறை ஸலவாத் சொல்பவருக்குப் பத்து அருள்கள் என்ற நபிமொழி இமாம் முஸ்லிமின் தொகுப்பில் உள்ளது. எப்படிச் சொல்வது என்று தோழர்கள் கேட்டபோது நபியவர்கள் கற்பித்த வாசகமே இன்றும் தொழுகையின் கடைசி இருப்பில் ஓதப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் அவ்விடத்தில் ஸலவாத் கட்டாயம். ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளில் ஸுன்னத்.

ஓதுவது அவ்வளவு பழையது. எழுதுவது எப்போது பழக்கமானது? நமக்குக் கிடைக்கும் காலம் உறுதியான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று ஜெருசலேமில் இருக்கிறது. ஹிஜ்ரி 72இல் (691-92) கலீஃபா அப்துல் மலிக் எழுப்பிய பாறைக் குவிமாடத்தின் உட்சுவரில், ஏறத்தாழ 240 மீட்டர் நீளத்துக்குப் பொன்னிற வண்ணச் சில்லுகளால் பதிக்கப்பட்ட எழுத்துகளில், மேற்சொன்ன குர்ஆன் வசனமும் நபியின் பெயரோடு ஸலவாத்தும் காணப்படுகின்றன. அதே கலீஃபா ஐந்தாண்டுகளுக்குப் பின் வெளியிட்ட சீர்திருத்த நாணயங்களில் 'முஹம்மத் அல்லாஹ்வின் தூதர்' என்பது உண்டு, ஸலவாத் இல்லை. அப்பாஸியரான மஹ்தியின் ஆட்சியில் (775-785) வெள்ளி நாணயத்திலும் முழு வாசகம் ஏறிவிட்டது. ஹிஜ்ரி 181இல் (797) ஹாரூன் ரஷீத் ரக்கா நகருக்கு வந்தபோது தம் கடிதங்களின் தொடக்கத்தில் நபியின்மீது ஸலவாத் எழுதும் வழக்கத்தைப் புகுத்தினார் என்று தபரியின் வரலாறு கூறுகிறது. பிஸ்மில்லாஹ்வை அடுத்து ஸலவாத் எழுதுவது முதல் தலைமுறையில் இருந்ததில்லை, பனூ ஹாஷிம் ஆட்சியில் வந்தது என்று காழி இயாளும் (இறப்பு 1149) 'ஷிஃபா'வில் ஒப்புக்கொள்கிறார். நபியின் குலத்தவர் என்பதே அப்பாஸியரின் ஆட்சியுரிமைக்கு ஆதாரம். அந்தப் பெயருக்குக் கூடும் ஒவ்வொரு சிறப்பும் அவர்களுடைய அரியணைக்கும் நிழலாகியிருக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனால் வழக்கத்தின் பக்தி குறைந்துவிடுவதும் இல்லை. அஹ்மதும் இப்னுல் மதீனியும் எழுதக் கற்ற தலைமுறை இதுதான். அரசாங்கக் கடிதத்தில் ஸலவாத் பழகிவந்த காலம்.

எழுதுவதற்கென்று தனியாகச் சிறப்பு உண்டா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. ஒரு நூலில் ஸலவாத் எழுதியவருக்காக அந்த எழுத்து அங்கே இருக்கும்வரை வானவர்கள் பாவமன்னிப்பு வேண்டுவார்கள் என்றொரு நபிமொழி ஏடு படியெடுப்போரிடையே பரவியிருந்தது. ஹதீஸ் ஆய்வாளர்கள் அதன் அறிவிப்புத் தொடரைப் பலவீனமானது என்று மதிப்பிட்டார்கள். இட்டுக்கட்டப்பட்டது என்றே சிலர் கருதினர். ஆயினும் அதே ஆய்வாளர்களின் ஏடுகளில்தான் ஸலவாத் மிக அதிகமாக எழுதப்பட்டிருக்கிறது. ஹதீஸ் பயில்வோருக்கு வேறு பயன் எதுவும் இல்லாவிட்டாலும் இந்த ஸலவாத் ஒன்றே போதும் என்ற பொருளில் ஸுஃப்யான் அஸ்ஸவ்ரி (இறப்பு 778) கூறியதாக ஒரு கூற்றும் வழங்கிவந்தது. கூலிக்கு எழுதிய எத்தனையோ பெயரற்ற கைகளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்னுஸ் ஸலாஹ் இரண்டு குறைகளைக் கண்டிக்கிறார். வாசகத்தை ஓரிரு எழுத்துகளாகச் சுருக்கிக் குறியீடாக்குவது ஒன்று. 'வஸல்லம்' என்ற பகுதியை விட்டுவிட்டுப் பொருளைக் குறைப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு எகிப்தைச் சேர்ந்த ஹம்ஸா அல்கினானியின் (இறப்பு 968) நிகழ்ச்சியைச் சான்று காட்டுகிறார். ஹதீஸ்களை எழுதும்போது 'வஸல்லம்' சேர்க்காத வழக்கம் கினானிக்கு இருந்தது. கனவில் நபியவர்களைக் கண்டபோது, என் மீதான ஸலவாத்தை ஏன் முழுமையாக்குவதில்லை என்று கேட்கப்பட்டதாம். அதன்பின் அவர் அதை ஒருபோதும் விட்டதில்லை.

சுருக்கத்தின் மீதான சினம் காலம் செல்லச் செல்லக் கடுமையானது. அரபியில் ஸாத், லாம், ஐன், மீம் என்ற நான்கு எழுத்துகளைக் கோத்து வாசகத்துக்குப் பதிலாக எழுதும் வழக்கம் உருவாகியிருந்தது. இச்சுருக்கத்தை முதன்முதலில் எழுதியவனுடைய கை வெட்டப்பட்டது என்று சொல்லப்படுவதாக ஸுயூத்தி (இறப்பு 1505) 'தத்ரீபுர் ராவி'யில் குறிப்பிடுகிறார். யார், எங்கே, எப்போது என்ற விவரம் எதுவும் இல்லை. அறிவிப்புத் தொடரை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு கலையின் பாடநூலில் 'சொல்லப்படுகிறது' என்பதோடு ஒரு செய்தி நிற்பது வியப்பளிக்கவே செய்கிறது. நாற்பது பிரதி எழுதிய ஓர் எழுத்தரின் விரல்களை யாரும் கனவில் கூடப் பரிவோடு பார்த்ததாகக் குறிப்பில்லை. அந்த ஒற்றை வரி நூற்றாண்டுகளைக் கடந்து இந்தியாவுக்கும் வந்தது. பரேலியின் அஹ்மத் ரிஸா கான் (1856-1921) தம் ஃபத்வாக்களில் சுருக்க வழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். உருது எழுத்தில் நபியின் பெயர்மேல் சிறிய ஸாத் ஒன்றை இடும் பழக்கம் அப்படியும் மறைந்துவிடவில்லை.

இந்திய மொழிகளைப் பற்றிப் பேசும்போது சொல்லின் பயணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரபியில் 'ஸலாத்' என்ற ஒரே சொல் தொழுகையையும் குறிக்கும், நபியின் மீதான வாழ்த்தையும் குறிக்கும். பாரசீகம் இரண்டுக்கும் தன் பழஞ்சொற்களையே கொடுத்தது. தொழுகை 'நமாஸ்' ஆயிற்று. இது சமஸ்கிருத 'நமஸ்' என்பதன் உறவு. வாழ்த்து 'துரூத்' ஆயிற்று. நலம், உடல்வளம் என்று பொருள்தரும் இஸ்லாத்துக்கு முந்தைய ஈரானியச் சொல் அது. உருது இவ்விரண்டையும் அப்படியே ஏற்றது. மலையாளத்தில் 'நிஸ்காரம்', 'ஸ்வலாத்'. தமிழ் முஸ்லிம்கள் வணக்கத்துக்குத் 'தொழுகை' என்ற சொந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, வாழ்த்துக்கு அரபியின் பன்மை வடிவமான 'ஸலவாத்'தை எடுத்தார்கள். மலாய் மொழியின் 'செலாவாத்'தும் இதே பன்மைதான். பன்மை என்ற உணர்வு நம்மிடம் எஞ்சவில்லை. 'ஒரு ஸலவாத்து ஓதினான்' என்பது பிழையற்ற தமிழ். அரபியர் ஒரு சொல்லுக்குள் வைத்த இரு பொருளையும் நம் வட்டாரங்கள் இரண்டு சொற்களாகப் பிரித்துவிட்டதால், மேற்கண்ட வசனத்தை மொழிபெயர்ப்பது தமிழில் இன்றும் கடினம். இறைவன் 'ஸலவாத் சொல்கிறான்' என்றால் யாரை நோக்கி வேண்டுகிறான் என்ற குழப்பம் நேரும். 'அருள் புரிகிறான்' என்றால் அதே வினையை மனிதருக்குச் சொல்ல இயலாது.

கணினிக் காலத்தில் பழைய வழக்கு வேறொரு மேடைக்கு வந்தது. 1993இல் வெளியான யூனிகோடு 1.1 பதிப்பு 'ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்' என்ற முழு வாசகத்துக்கும் ஒரே ஒரு குறியிடத்தை ஒதுக்கியது. அதைப் பிரித்தால் இடைவெளிகள் உட்பட பதினெட்டு எழுத்துருக்களாக விரியும். அட்டவணையில் வேறெந்தக் குறியீடும் இவ்வளவு நீளமாக விரிவதில்லை. இப்னுல் மதீனி இடம் விட்டு எழுதிய வாசகத்தை இன்று ஒரு தட்டில் முழுமையாக இட்டுவிடலாம். வேடிக்கை என்னவென்றால், அதே அட்டவணையில் அதற்கு ஐந்து இடம் முன்னால் அந்த நான்கெழுத்துச் சுருக்கமும் தனிக் குறியீடாக வீற்றிருக்கிறது. அதற்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயரோ 'ஸலாம்'.

தமிழ் அச்சில் வேரூன்றியது அடைப்புக்குறிக்குள் '(ஸல்)'. நபிமார்களுக்கு '(அலை)', தோழர்களுக்கு '(ரலி)', பிற்கால நல்லோருக்கு '(ரஹ்)' என்று இந்த வரிசை நீள்கிறது. மொழியியல் நோக்கில் இது விசித்திரமான வெட்டு. அரபியின் சொல் எல்லையிலும் நிற்கவில்லை, பகுதி விகுதி எல்லையிலும் நிற்கவில்லை; இரட்டித்த லகரத்தின் நடுவே, முதல் அசை முடியும் இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். இப்னுஸ் ஸலாஹ் பார்த்திருந்தால் இரு குறைகளும் ஒருங்கே இருப்பதாகச் சொல்லியிருப்பார். ஆனால் பள்ளிவாசலில் அஸருக்குப் பின் ஒருவர் அந்நூலை எடுத்து உரக்க வாசிக்கும்போது 'ஸல்' என்று வாசிப்பதில்லை. கண் அடைப்புக்குறியைத் தொட்டவுடன் நாக்கு முழு வாசகத்தையும் விரித்துச் சொல்கிறது; கேட்டிருப்போரும் தாழ்ந்த குரலில் கூடவே சொல்கிறார்கள். பக்தாதின் அஹ்மதைப் பற்றிக் கதீப் கேள்விப்பட்டதும் இதுவே: அவர் எழுதவில்லை, நாவால் சொன்னார்.