பதவியும் பயிற்சியும்

மேனாட்டுப் பேரிசையரங்கில் எழுபது, எண்பது கலைஞர்கள் ஒருங்கமர்ந்து வாசிப்பர். அவர்களை நடத்துவோரின் பெயரை உலகம் அறியும். உள்ளமர்ந்து வில்லிழுப்போரை அறிவார் சிலரே. அவ்விரு நிலையும் கண்ட ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றோம். அவரே இத்தாலி நாட்டு ஆர்த்தூரோ டாஸ்கனினி.

1867-இல் பார்மா நகரில் ஒரு தையற்காரரின் மகனாய்ப் பிறந்தார். ஒன்பதாம் வயதில் அந்நகர இசைப்பள்ளியிற் சேர்ந்து செல்லோ பயின்றார். செல்லோ வயலின் இனத்தது; அளவிற் பெரியது, குரலிற் கனத்தது. நம் வித்துவான்கள் வயலினை மார்புக்கும் காலுக்கும் இடையே சாய்த்து வாசிப்பர். செல்லோவையோ நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசித்தல் வேண்டும். ஒன்பதாண்டுப் பயிற்சிக்குப்பின் 1885-இல் சிறப்புடன் தேறினார். கிட்டப்பார்வையுடையவராதலின் இசைச்சுவடி முழுவதையும் மனத்திலேற்றிக் கொள்வது அவர் வழக்கமாயிற்று.

மறு ஆண்டு ஓர் இசைநாடகக் குழுவில் செல்லோ வாசிப்பவராய்ப் பிரேசிலுக்குச் சென்றார். 1886 ஜூன் 30-ஆம் நாள் இரவு, ரியோ நகரில் வெர்டி இயற்றிய 'ஐடா' நாடகம். நடத்துநர் முன்னரே விலகிவிட்டார். மாற்றாக வந்தவரை மக்கள் கூச்சலிட்டு விரட்டினர். தோழர்கள் வற்புறுத்தவே, பத்தொன்பது வயது டாஸ்கனினி மேடையேறிச் சுவடியைப் பாராமலே நாடகம் முழுவதையும் நடத்தி முடித்தார். புகழ் ஓரிரவில் வந்தது.

அதன்பின் அவர் செய்ததே நம் சிந்தனைக்குரியது. 1887 பிப்ரவரி 5-இல் மிலான் நகர லா ஸ்காலா அரங்கில் வெர்டியின் 'ஒத்தெல்லோ' முதன்முதல் அரங்கேறியது. அன்று டாஸ்கனினி நடத்துநராய் நிற்கவில்லை. இரண்டாம் செல்லோவின் நாற்காலியில் அமர்ந்திருந்தார்! எழுபத்து மூன்று வயது மேதை தம் படைப்பை எவ்வாறு உருவாக்குகிறார் என்பதை அருகிருந்து காணும் ஆவலே காரணம். முதல் அங்கத்தில் செல்லோக்கள் மட்டும் ஒலிக்குமிடத்தில், சுவடியிற் கண்டபடி அவர் மிக மெல்ல வாசித்தாராம். இன்னும் உரக்க வாசிக்குமாறு வெர்டியே பணித்தார் என்பர். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியை அந்த நாற்காலியன்றி வேறெது கற்பித்திருக்கும்?

1898-இல் அதே லா ஸ்காலாவின் தலைமை நடத்துநரானார். 1957-இல் மறையும்வரை அவர் புகழ் குன்றவில்லை.

ஒருமுறை மேலேறியவர் மீண்டும் கீழமர்வதை இழிவென எண்ணுதல் நம் அலுவலகங்களிலும் உண்டு, சங்கங்களிலும் உண்டு. ஆண்டு விழாவில் தலைமை தாங்கியவர் மறு ஆண்டு பாய் விரிக்கத் தயங்குகின்றார். இருக்கையின் உயரத்தை அளப்பதை விடுத்து, அங்கே கற்கக் கிடைப்பதை அளப்போமாக!