நாட்டுடைமை

நாடு + உடைமை. புணர்ச்சியில் டகரம் இரட்டித்தது. உடை என்னும் அடியிலிருந்து உடைமை: தனக்கென உள்ள பொருள். வங்கிக்கும் பேருந்துக்கும் வழங்கும் இச்சொல், நூல்களுக்கு வரும்போது பொருள் மாறுகிறது. வங்கியை அரசு தானே நடத்தும். நூலையோ, உரிமையாளருக்குப் பணம் கொடுத்து எல்லோருக்கும் திறந்துவிடும்.

1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியின் எழுத்துரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் ஏற்றது, பின்னர் பொதுவாக்கியது. அவர் 1921இல் மறைந்தவர்; இல்லையேல் மறைவுக்குப் பிந்தைய ஐம்பதாண்டுப் பதிப்புரிமைப் பாதுகாப்பு 1971 வரை நீண்டிருக்கும். இன்று புதுச்சேரியை அடுத்த நோணாங்குப்பத்து அச்சகம்கூட அவர் கவிதைகளை அனுமதி கேளாமல் அச்சிடலாம். மலிவுப் பதிப்புகள் பெருகிய வழி இதுதான். வளரும் நாடுகள் பாடநூல்களைக் கட்டாய உரிமத்தில், அதாவது உரிமையாளர் இசையாவிட்டாலும், மொழிபெயர்க்கப் பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கை இடமளித்ததும் அதே 1971இல்தான். அதைவிட நம் வழி நேர்மையானது, எளியது என்பேன். குடும்பத்துக்கு உரிய தொகை சேர்ந்தால்.